விளக்கு எரிந்தாலும் இறங்காதே

மகன்,

இந்தத் தாள்களைப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன், வேலைக்குப் போகிற வாகனத்தில் இருந்து வாசிக்காதே. அறைக்குள் இரு, ஒரு தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள், கடைசிவரைக்கும் வாசி. நீ அவுஸ்திரேலியாவுக்குப் போனதிலிருந்து நான் உனக்கு அனுப்பியவை எல்லாம் சாப்பிட்டாயா, குளிர் எப்படி, படிக்க நேரம் கிடைக்கிறதா என்ற அளவில்தான் இருந்திருக்கின்றன. மனதில் இருப்பதை எல்லாம் எடுத்துச் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. உன் அப்பா என்னை ‘மூடி இறுக்கின போத்தல்’ என்பார். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன ஒரு விடயம் எனக்குப் பெரிய பயத்தைத் தந்துவிட்டது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று காட்டத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு அம்மா பிழையாக விளங்கிக்கொண்டார் என்று நீ சொல்லக்கூடாது. விடுமுறைக்கு நீ வேலை செய்கிற தோட்டத்தில் வைன் ஆக்குகிற உருக்குத் தொட்டிகள் இருக்கின்றன. வைனை வடித்து எடுத்த பிறகு பழத்தோல்கள் எல்லாம் தொட்டியின் அடியில் தங்கிவிடும். அடியிலுள்ள சின்னக் கதவால் ஒருவர் உள்ளே புகுந்து சவளால் அள்ளி வெளியே தள்ள வேண்டும். இந்தக் கிழமை முடிய அந்த வேலை உனக்கும், உன்னோடு தங்கியிருக்கிற நேபாளப் பொடியனுக்கும். உள்ளே போகுமுன் காற்றைச் சோதிக்கிற மீட்டர் பழுதாகி, திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த பழம் லொறியில் வந்து நிற்கப்போகிறது, தொட்டி வெறுமையாக வேண்டும். எல்லாரும் என்ன செய்வது என்று நின்றபோது நீ வாயைத் திறந்திருக்கிறாய். “நான்தான் அம்மா ஐடியா குடுத்தன். எங்கட ஊரில கிணத்துக்குள்ள விளக்க இறக்கிப் பாத்துட்டுத்தானே இறங்குவம்? அதே மாதிரி மேல் மூடியால ஒரு லாந்தர இறக்கிப் பாப்பம் எண்டன். எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிட்டு. ரவி மாமாட மெத்தட் எண்டு பேரும் வச்சிட்டன்.” நீ சிரித்தாய். நான் “ஓ, சரி மகன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு ‘மீட்டர் வரும்வரை உள்ளே போகாதே’ என்று எழுதி அனுப்பினேன். நீ சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுப் பதில் எழுதினாய்: ‘விளக்கு எரிஞ்சா மட்டும்தான் போவம். பயமில்ல அம்மா.’

நான் இலேசில் பயப்படுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். நூல் கட்ட மாட்டேன், குறி கேட்க மாட்டேன். நீ விமானம் ஏறுகிற நேரம் ராகுகாலம் என்று என் ஊர் கிரானிலிருந்து போன் வந்தபோதும் பேசாமல் உன்னை ஏற்றிவிட்டேன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடும்போதுகூட எந்தத் தெரு, எந்த ஒழுங்கை மேடு என்று யோசித்துத்தான் ஓடினேன். இரசாயனவியல் படித்தவள், உயர்தர வகுப்புக்கு அதையே படிப்பிக்கிறவள். யாராவது ஒன்றைச் சொன்னால் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பது என் வாயில் ஊறிப்போனது. அதையே உன்னிடமும் கேட்கிறேன். விளக்கு எரிந்தால் உள்ளே பயமில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? ரவி மாமா செய்ததைப் பார்த்திருக்கிறேன் என்பாய். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் கிணற்றுக்குள் விளக்கு இறக்கியதும், ‘நட்சத்திரம் கீழ கிடக்கு’ என்று நீ சொன்னதும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ரவி மாமா, என் தம்பி, எப்படி இறந்தார் என்று உனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லுமுன் வைனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், நீ இப்போது நிற்கிற இடம் அது.

போன் எடுக்கும்போதெல்லாம் வைன் எப்படி ஆகிறது என்று நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். கேட்க விருப்பமாக இருப்பதால் தெரிந்ததையும் தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ பிறப்பதற்கு முன்பே வைன் நம் குசினிக்கு வந்துவிட்டது. உன் அப்பாவின் பக்கம் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். நத்தாருக்குக் கேக்கோடு சின்னக் கிளாசில் வைன் இல்லாவிட்டால் அவர்களுக்கு நத்தார் வந்த மாதிரி இராது. நானோ கிரானில் வேளாண்மைக் குடும்பத்தில் வளர்ந்தவள். கலியாணம் முடித்து நாவற்குடாவுக்கு வந்த வருடம்தான் அந்தப் பீங்கான் சாடியை முதன்முதலில் பார்த்தேன். மழை தொடங்கியதும் அப்பா சந்தையிலிருந்து கறுத்த முந்திரிகைப்பழம் வாங்கி வருவார். நீ இப்போது கிரேப்ஸ் என்கிறாயே, அது. காம்பைக் கிள்ளி, கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, சட்டியில் போட்டுக் கையால் பிசைவார். தோலை எறிய விடமாட்டார். “நிறம் முழுக்கத் தோலுக்குள்ளதான் கிடக்கு புள்ள” என்பார். சீனி, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கை கோதுமை, கறுவா, கராம்பு, கடைசியில் இளஞ்சூட்டு நீரில் கரைத்த ஈஸ்ற். சாடியின் வாயைத் துணியால் கட்டி குசினி மூலையில் வைத்துவிடுவார். காலையில் தபால் கந்தோருக்குப் புறப்படுமுன் துணியை அவிழ்த்து மர அகப்பையால் கிண்டுவார். தோல்கள் எல்லாம் மேலே வந்து தடித்த பாய்போல மூடிக்கொண்டிருக்கும். அதைக் கீழே அமுக்காவிட்டால் காய்ந்து புளித்துவிடும். காதை வைத்துக் கேட்டால் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் கேட்கும்.

ஈஸ்ற்றைப் பாடப் புத்தகத்தில் நாங்கள் மதுவம் என்று எழுதுகிறோம். அது ஓர் உயிர். சீனியைத் தின்கிறது. தின்றதில் கிட்டத்தட்டப் பாதியை மதுசாரமாக விடுகிறது, மற்றப் பாதியைக் காபனீரொட்சைட்டு, அதாவது கார்பன் டயொக்சைட், வாயுவாக விடுகிறது. வைனைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் முதல் பாதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவது பாதிதான் பயம்.

அந்த இரண்டாவது பாதியை உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஒரு நத்தாருக்கு முன் அப்பா அவசரப்பட்டு, சாடி அடங்குமுன் வடித்துப் போத்தலில் ஊற்றிவிட்டார். ஊற்றி வைத்ததை நான் எடுத்து, சிந்தாமல் இருக்கட்டும் என்று மூடியை நன்றாக இறுக்கி, அலுமாரிக்குள் என் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ மேசையில் இருந்து கொப்பி எழுதிக்கொண்டிருந்தாய். அலுமாரிக்குள் வெடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். “ஒண்டுமில்ல, கெமிஸ்ட்ரி டீச்சர்ர வேலை” என்று அப்பா அவர்களுக்குச் சொன்னார். என் கூறைச்சேலை முழுக்க ஊதா. நீ கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துக் கேட்டாய்: “போத்தலுக்குள்ள ஆரம்மா ஊதினது?” சின்னச் சின்ன உயிர்கள் உள்ளே இருந்து மூச்சு விட்டிருக்கின்றன என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சாடியில் காதை வைத்து, “மூச்சு விடுதம்மா” என்று வந்து சொல்லுவாய். சேலையைத் தோய்த்தும் கறை போகவில்லை.

ஒரு போத்தலுக்குள் இருந்த மூச்சு அது. நீ அனுப்பிய படத்தில் அந்தத் தொட்டி நம் வீட்டு முகட்டைவிட உயரமாக நிற்கிறது. அதற்குள்ளும் நடப்பது அப்பாவின் சாடிக்குள் நடப்பதுதான். இயந்திரம் காம்பைப் பிரித்துப் பழத்தை உடைக்கிறது, சாறும் தோலும் சேர்ந்து உள்ளே போகின்றன, மதுவம் சீனியைத் தின்கிறது, தோல்கள் மேலே எழும்பி மூடுகின்றன. அப்பா அகப்பையால் செய்வதை நீங்கள் பம்பால் செய்கிறீர்கள், அடியிலிருந்து சாற்றை இழுத்துத் தோலுக்கு மேல் ஊற்றுகிறீர்கள். சீனி முடிந்ததும் கீழ்க் குழாயால் வைனை வடிக்கிறீர்கள். இவ்வளவும் நீ சொன்னது, எல்லாம் சரி. வைன் வடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நீ நினைப்பதுதான் பிழை. தோல்களுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்துக்குள் மிச்சச் சீனியும் மதுவமும் இருக்கின்றன. அந்தக் குவியல் இன்னும் மூச்சு விடுகிறது. அந்த வாயு காற்றைவிடப் பாரம், எங்கேயும் போகாமல் அடியில் படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சவளால் அள்ளுகிறவன் குனிந்துதான் அள்ளுவான். குனிகிற ஒவ்வொரு தடவையும் மூக்கு அதற்குள் போய் வரும். இறுகிக் கிடந்த குவியலை நீ கிளறக் கிளற, உள்ளே அடைபட்டிருந்தது வெளியே வரும். நீ கதவால் நுழைந்தபோது இருந்த காற்று, கொஞ்சம் அள்ளிய பிறகு அதே காற்றாக இராது.

இனி ரவி மாமா. வயல் வட்டையில் வேளாண்மை வெட்டி முடிந்ததும் அவர் மேட்டுத் துண்டில் மிளகாய் போடுவார். அந்த வருடம் கோடை கடுமை. தோட்டக் கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால் மேலே வைத்த பம்பால் இழுக்க முடியவில்லை. பம்பைக் கயிற்றில் இறக்கி, கிணற்றுக்குள் இருந்த கல்தட்டில் வைத்து ஓட்டினார். அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். உனக்குப் பள்ளிக்கூடச் சோதனை நடந்துகொண்டிருந்ததால் நானும் நீயும் நாவற்குடாவில் நின்றுவிட்டோம், அப்பா மட்டும் உதவிக்கு என்று கிரானுக்குப் போனார். காலை முழுக்கப் பம்பு உள்ளே ஓடியிருக்கிறது, புகையும் உள்ளேயே நின்றிருக்கிறது. பிறகு எண்ணெய் முடிந்து பம்பு நின்றுவிட்டது. எண்ணெய் ஊற்ற மாமா சேர்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கப் போனார். அப்பா மறித்தார்.

“பொறு மச்சான், விளக்க இறக்கிப் பாப்பம்.”

“பட்டப்பகல்ல என்னத்துக்கு விளக்கு? தவளை பாடம் படிக்கவா?”

“பகிடி விடாத, பொறு.”

அப்பாதான் லாந்தரைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினார். கல்தட்டுவரை போய் நின்றது. சுடர் அசையாமல் நேராக எரிந்தது. அப்பா ‘எரியுது, இறங்கு’ என்று சொன்னார். மாமா இறங்கினார். தட்டில் கால் வைத்து, எண்ணெய்க் கலனை விடச் சொல்லிக் கையைத் தூக்கினார். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார், களைத்துப்போனவர் வரம்பில் குந்துவதுபோலக் குந்தினார், அப்படியே சரிந்து தண்ணீருக்குள் போனார். விளக்கு அவர் குந்திய இடத்துக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது.

மிளகாய் ஏற்ற வந்திருந்த ஓட்டமாவடி வியாபாரி ஒருவர், சலீம் காக்கா, அந்த நேரம் லொறிக்குப் பக்கத்தில் நின்றார். நமக்கு உறவில்லை, பழக்கம் மட்டும்தான். அவர் யோசிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவரும் தட்டுவரைதான் போனார். அதற்குப் பிறகு அப்பா கிணற்றுக் கட்டில் காலைத் தூக்கி வைத்துவிட்டார். மாமி ஓடி வந்து அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே கிடப்பது மாமியின் புருசன். “விடு புள்ள, விடு” என்று அப்பா உதறியிருக்கிறார். மாமி விடவில்லை. “நீங்களும் போனா நான் மூண்டு பேருக்கு அழணும் அண்ணன். நான் விடமாட்டன்.” அப்பாவின் கையில் மாமியின் நகம் பட்ட தழும்பு இருக்கிறது, நீ பார்த்திருப்பாய். வேலியில் கம்பி கிழித்தது என்று உனக்குச் சொன்னோம்.

அயலவர்கள் வந்து, வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கி, வெகுநேரத்துக்குப் பிறகுதான் இருவரையும் எடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். உதடும் நகமும் உயிரோடு இருக்கிறவருடையதைப் போலச் சிவந்திருந்தன. எனக்கு விளங்கிவிட்டது. பம்பின் புகையில் இருந்த காபனோரொட்சைட்டு, கார்பன் மொனொக்சைட். அது இரத்தத்தில் ஒட்டிக்கொண்டு ஒட்சிசனை ஏறவிடாது. விளக்குக்கு இரத்தம் இல்லை, அதனால் எரிந்துகொண்டிருக்கும்.

செத்தவீட்டில் அப்பா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “விளக்கு எரிஞ்சது. நான் கண்ணால பாத்தன்.” ஒருவரும் நம்பவில்லை. பந்தலுக்குள் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது: “விளக்கு ஒருநாளும் பொய் சொல்லாது. பாத்த ஆள்தான் வடிவாப் பாக்கல்ல.” அப்பாவுக்கும் கேட்டது. அவர் பிறகு கிரானுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் எழுந்து அந்த மனிதருக்கு வாயுக்களைப் பற்றி விளக்கியிருக்கலாம். தம்பியைப் பாயில் வைத்துக்கொண்டு அப்படிப் பேச எனக்கு வரவில்லை. அப்பாவின் முன்னால் அந்த விளக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது வீட்டில் வழக்கமாகிவிட்டது. உனக்கு, மாமா வழுக்கி விழுந்தார், காப்பாற்றப் போனவரும் மூழ்கிவிட்டார் என்று சொன்னோம். அதனால் உனக்கு மாமா என்றால் தோளும் நட்சத்திரமும்தான். அந்த ஞாபகத்தைத்தான் நீ கடல் கடந்து கொண்டுபோய் அந்தத் தொட்டிக்கு முன்னால் வைத்திருக்கிறாய்.

உன் தொட்டிக்குள் இருப்பது வேறு வாயு, காபனீரொட்சைட்டு நிறைந்தால் விளக்கு அணையும்தானே என்று நீ கேட்பாய். உண்மை, நிறைந்தால் அணையும். அதனால்தான் அந்த விளக்கை இன்னும் கூடுதலாக நம்பிவிடுவார்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் அப்பா காலம் தப்பி ஒரு சாடி வைத்தார் அல்லவா, ‘மகன் தொட்டியில, நான் சாடியில, பாப்பம் ஆர்ர நல்லதெண்டு’ என்று உனக்குப் படம் அனுப்பினாரே, அது இப்போது நல்ல இரைச்சலில் இருக்கிறது. இன்று காலை துணியை அவிழ்த்துவிட்டு, வளைத்த கம்பியில் ஒரு மெழுகுதிரியைக் குத்திக் கொளுத்தி உள்ளே இறக்கினேன். அப்பா குசினி வாசலில் வந்து நின்றார்.

“என்ன புள்ள, சாடிக்கெல்லாம் திரி கொளுத்துறாய்? கோயிலுக்கே கொளுத்தாத ஆள்.”

நான் திரியை மெல்ல இறக்கினேன். சாடியின் வாயில் சுடர் நன்றாக எரிந்தது. கொஞ்சம் கீழே சாய்ந்து எரிந்தது. இன்னும் கீழே யாரோ விரலால் நசுக்கியதுபோல அணைந்தது, புகை மேலே வராமல் தட்டையாகப் படுத்தது. திரும்பக் கொளுத்தித் திரும்ப இறக்கினேன். நன்றாக எரிகிற இடத்துக்கும் அணைகிற இடத்துக்கும் நடுவில், சுடர் சாய்ந்துகொண்டு எரிகிற ஓர் இடம் இருக்கிறது. மெழுகுதிரிக்கு அந்தக் காற்றுப் போதும். மனிதனுக்குப் போதாது. அங்கே நிற்கிறவனுக்கு முதலில் மூச்சு வாங்கும், தலை கனக்கும், தான் தடுமாறுகிறோம் என்பதே விளங்காது. பிறகு முழங்கால் மடங்கும். மடங்கினால் தலை இன்னும் கீழே போகும். மேலே நின்று பார்க்கிறவனுக்கு விளக்கு எரிவது மட்டும் தெரியும்.

“என்னத்தப் பாக்கிறாய்?” என்று அப்பா திரும்பக் கேட்டார், இந்தத் தடவை பகிடி இல்லாமல்.

“மகன் தொட்டிக்குள்ள இறங்கப் போறான். விளக்க இறக்கிப் பாத்துட்டு.”

“ஆர் சொல்லிக் குடுத்தது?”

“அவனே சொல்லியிருக்கான். ரவி மாமாட மெத்தட் எண்டு பேரும் வச்சிருக்கான்.”

அப்பா மரவாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழும்பி வந்து, நான் அவிழ்த்த துணியைத் தானே கட்டினார், வழமையைவிட நேரம் எடுத்துக் கட்டினார். “அவனுக்குச் சொல்லு” என்றார். என்னத்தை என்று கேட்டேன். “எல்லாத்தையும். ஆர் இறக்கினதெண்டும் சொல்லு.”

மாமியிடமும் கேட்டேன், அது அவருடைய வீட்டுச் சாவும் அல்லவா. மாமி போனில் உடனே சொன்னார்: “எழுதுங்க மதினி. எழுதிட்டு எனக்கும் அனுப்புங்க. என்ர பொடியன்களும் இப்ப அதே கிணத்துக்குள்ளதான் பம்பு வைக்கிறானுகள். ஏன்டா எண்டு கேட்டா, விளக்கு இறக்கிப் பாத்துத்தானே அம்மா எண்டுறானுகள்.” அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போவதில்லை, கிரானிலும் உன்னிச்சைப் பக்கத்திலும் கோடையில் கிணற்றுக்குள் இறங்குகிற எந்த வீட்டிலும் வாசிக்கட்டும் என்று வெளியே கொடுக்கிறேன். என் குடும்பத்துக் கதையைப் பிறர் வாசிப்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூச்சத்தால் ஒருவரும் சாகமாட்டார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது. மீட்டர் வரும்வரை அந்தக் கதவுக்குள் தலையைக்கூட விடாதே. மீட்டர் வந்த பிறகும் முதலில் காற்றாடி வைத்து உள்ளே நல்ல காற்றை ஊதவேண்டும், உள்ளே ஆள் நிற்கிற நேரம் முழுவதும் அது ஓடவேண்டும், மீட்டர் அவனுடைய உடம்பில் இருக்கவேண்டும், அவனைக் கயிற்றில் கட்டியிருக்கவேண்டும், வெளியே ஒருவர் கண்ணை எடுக்காமல் நிற்கவேண்டும். அந்த நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கும், உன் முதலாளியும் அதை அறிந்திருப்பார். எந்தச் சட்டத்திலும் லாந்தர் இருக்காது. முடியாது என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கும். யோசனை சொன்னவனே பின்வாங்குகிறான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ‘என் மாமா இப்படித்தான் செத்தார், எனக்கு இன்றைக்குத்தான் தெரியவந்தது’ என்று சொல். வேலையை விட்டுப் போகச் சொன்னால் விட்டு வா. தொட்டி அழுகினால் அழுகட்டும், பழம் அடுத்த வருடமும் காய்க்கும்.

அடுத்ததை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த நேபாளப் பொடியன் உன் பேச்சைக் கேட்காமல் இறங்கி, உன் கண்முன்னால் விழுந்தால், நீ உள்ளே போகாதே. உன்னை எனக்குத் தெரியும். வாவியில் பக்கத்து வீட்டு நாய் இழுபட்டுப் போனபோது சட்டையோடு பாய்ந்தவன் நீ. நீ நல்லவன் என்பதில் எனக்கு இருந்த பெருமை எல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பயமாக மாறிவிட்டது. சலீம் காக்காவும் நல்லவர். அவருடைய மனுசி வருடா வருடம் பெருநாளுக்கு நமக்குச் சோறு அனுப்புகிறார், அதை வாங்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வருவதில்லை. கத்து, மணியை அடி, காற்றாடியை முடுக்கு, கயிறு இருந்தால் வெளியே நின்று இழு, மூச்சுக்கருவியோடு வருகிறவர்களைக் கூப்பிடு, உள்ளே பாய நினைக்கிற அடுத்தவனை இடுப்பில் பிடித்து நிறுத்து. மாமி செய்ததைச் செய். தன் புருசன் கீழே கிடக்கும்போது மாமியால் அதைச் செய்ய முடிந்தது. ஒரு தாய் தன் மகனுக்கு இப்படி எழுதலாமா என்று நீ யோசிப்பாய். நானும் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தவளைப் பகிடியில் ஒரு தடவை சிரித்தார். கிணற்றுக் கட்டில் கால் வைத்த இடத்தில் கையைத் தடவிக்கொண்டார். முடிந்ததும் ஒரு திருத்தம் சொன்னார்.

“நான் ‘எரியுது, இறங்கு’ எண்டு சொல்லல்ல.”

“மறுகா என்ன சொன்னீங்க?”

“‘எரியுது மச்சான், பயமில்ல’ எண்டுதான் சொன்னன். அப்பிடியே எழுது.”

சிரிக்கிற முகம் போட்டு நீ எழுதிய பதிலை நான் அவருக்குக் காட்டவில்லை. அதில் என்ன சொல் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னபடியே மேலே உள்ளதைத் திருத்தலாம் என்று பேனையை எடுத்தேன், பிறகு திருத்தாமல் இங்கே கொண்டுவந்து எழுதுகிறேன், கடைசியாக உன் கண்ணில் படட்டும் என்று.

வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடு. நேரம் பார்க்காதே. என்னை ஏசு, பயந்தாங்கொள்ளி என்று சொல், வேலையை விட்டுவிட்டேன் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். பயமில்ல என்று மட்டும் சொல்லாதே, மகன்.

அம்மா
நாவற்குடா